கிளப் கீழே இறங்கிய பிறகு: ஒரு சண்டர்லேண்ட் ரசிகையின் எட்டு வருடங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் சண்டர்லேண்ட் கால்பந்து கிளப், அந்நாட்டின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது 2017 ஏப்ரலில். திரும்ப ஏறியது 2025 மே மாதம். இடைப்பட்ட காலம் முழுக்க நான் சீசன் டிக்கெட் (சொந்த மைதான லீக் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்) வைத்திருந்தேன். அதே ஊரில் நர்ஸ் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வீட்டில் கால்பந்து என்றாலே டிவியை அணைக்கும் கணவர். பக்கத்தில் உட்கார்ந்து "இது இப்படித்தான் இருக்கும், இதுக்குத் தயாரா இரு" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஒரு கிளப் இறங்கினால் எல்லாரும் இறங்கிய அந்த நாளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த நாள் வலிக்கும், உண்மைதான். ஆனால் என் பணத்தையும் தூக்கத்தையும் தின்றது அந்த நாள் இல்லை, அதற்கப்புறம் "இந்த வருஷம் ஏறிடுவோம்" என்று நம்பிய வருடங்கள். இப்போது உங்கள் கிளப் இறங்கியிருந்தால், அல்லது இறங்கப் போகிறது என்று வயிற்றைக் கலக்கினால், நான் பட்டதைக் கேட்டுவிட்டு உங்கள் வருடங்களைத் திட்டமிடுங்கள்.

நான் 2015இல் இங்கே வந்தேன். வார்டில் பாதிப் பேர் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர்கள் என்பதால் ஒருமுறை கூடப் போய்ப் பார்த்ததுதான் ஆரம்பம். 2016 மே மாதம் எவர்ட்டனை 3-0 என்று அடித்து, சாம் அலர்டைஸ் தலைமையில் கடைசி நேரத்தில் தப்பினோம். அன்று நாங்கள் தப்பியதில் பக்கத்து ஊர்ப் பரம எதிரி நியூகாசில் கீழே போனது. அந்த இரவு ஊர் இருந்த இருப்பைப் பார்த்தவர்கள் யாரும் அப்புறம் சும்மா இருக்க முடியாது. அடுத்த இரண்டு மாதத்தில் அலர்டைஸ் இங்கிலாந்து அணியின் மேனேஜராகப் போய்விட்டார், அவர் இடத்துக்கு டேவிட் மோயஸ் வந்தார், சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே காற்று மாறிவிட்டது. 2017 ஏப்ரல் 29, சொந்த மைதானத்தில் போர்ன்மத்துடன் ஆட்டம். 88ஆவது நிமிடம் ஜோஷ் கிங் கோல் அடித்தார், அவ்வளவுதான். பத்து வருடம் பிரீமியர் லீகில் இருந்த கிளப் இறங்கியபோது ஸ்டேடியத்தில் பெரிய அழுகை ஒன்றும் இல்லை. மாதக்கணக்காகத் தெரிந்த செய்தியை டாக்டர் கடைசியில் வாய்விட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

அந்தக் கோடையில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், நீங்கள் கொண்டாடிய ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ஆகஸ்டில் இருக்க மாட்டார்கள். ஜெர்மைன் டிஃபோ முந்தைய சீசனில் லீகில் 15 கோல் அடித்தவர். இறங்கினால் இலவசமாகப் போகலாம் என்று அவர் ஒப்பந்தத்தில் இருந்தது, போனார், அதுவும் நம்மைக் கீழே தள்ளிய போர்ன்மத்துக்கே. கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்ட், உள்ளூர்ப் பையன், எவர்ட்டனுக்கு விற்கப்பட்டார். அதனால் இறங்கும் சீசனில் யார் பெயரையும் முதுகில் அச்சடித்து ஜெர்சி வாங்காதீர்கள், குழந்தை அழுது கேட்டாலும் கிளப் பெயரோடு நிறுத்துங்கள். பெயர் அச்சடித்த ஜெர்சியைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

சீசன் டிக்கெட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பல கிளப்களில் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம், எந்த டிவிஷனில் ஆடப் போகிறோம் என்று தெரிவதற்கு முன்பே வந்துவிடும். சீக்கிரம் கட்டினால் சலுகை என்று இருக்கும். இறங்கினால் விலை குறையுமா, ஏற்கனவே கட்டியவர்களுக்கு வித்தியாசத் தொகை திரும்ப வருமா என்பது அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு, எழுதவில்லை என்றால் மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மாதத் தவணை என்றால் அது பெரும்பாலும் ஒரு கடன் ஒப்பந்தம். நடுவில் வேலை போனாலும், அணி தோற்றுக்கொண்டே இருந்தாலும், தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கும். வட்டி எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிளப்பின் காசையும் ஒரு ரசிகர் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அதை வைத்துத்தான் நம் நம்பிக்கைக்கு ஒரு கால அளவு கிடைக்கிறது. பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கிளப்புக்குப் பாராசூட் பணம் என்று ஒன்று தருகிறார்கள். ஒளிபரப்பு வருமானத்தில் எல்லா கிளப்புக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கிலிருந்து முதல் வருடம் 55 சதவீதம், அடுத்த வருடம் 45, மூன்றாம் வருடம் 20. மேலே ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டு இறங்கியவர்களுக்கு மூன்றாம் வருடப் பணம் கிடையாது. அதாவது முதல் இரண்டு வருடத்தில் ஏறவில்லை என்றால் மேலே இருந்த காலத்துச் சம்பளத்தைக் கீழே இருந்து கொடுக்க முடியாமல் கிளப் மூச்சுத் திணறும். இங்கே ஜாக் ராட்வெல் விஷயத்தில் அதுதான் நடந்தது. இறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி அவர் ஒப்பந்தத்தில் இல்லை, வாரம் 70,000 பவுண்டு வாங்குகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது கிளப்தான். ஆனால் அந்தக் கணக்கை முன்பே தெரிந்துவைத்திருந்தால், "அடுத்த வருஷமே திரும்பிடுவோம்" என்று எல்லாரும் சொன்னதை நான் அவ்வளவு சுலபமாக நம்பியிருக்க மாட்டேன்.

2017-18 சீசன் பற்றி நீளமாக எழுத எனக்குத் தெம்பில்லை. 2016 டிசம்பர் 17 அன்று வாட்ஃபோர்டை வென்றதற்குப் பிறகு, சொந்த மைதானத்தில் அடுத்த வெற்றி 2017 டிசம்பர் 16 அன்று, ஃபுல்ஹாமுக்கு எதிராக வந்தது. ஏறத்தாழ ஒரு முழு வருடம். நைட் டியூட்டி முடித்து, இரண்டு மணி நேரம் தூங்கி, நதியோரக் குளிரில் போய் உட்கார்ந்து, தோற்றோ டிராவோ ஆகி, வீடு திரும்புவது. 2018 ஏப்ரல் 21 அன்று பர்ட்டன் ஆல்பியனுடன் ஆட்டம், நாங்கள் 1-0 முன்னிலை. கடைசிக் கட்டத்தில் டேரன் பென்ட் சமன் செய்தார், ஒரு காலத்தில் இதே மைதானத்தில் இதே சட்டையில் நமக்காக கோல் அடித்தவர். 90 நிமிடத்தை ஒட்டி இன்னொன்று விழுந்தது, 1-2. அடுத்தடுத்து இரண்டு வருடம், இரண்டு டிவிஷன். அன்று அழுதேன். வீட்டுக்குப் போனால், "ஒரு விளையாட்டுக்கா இப்படி?" என்று கேட்டார் கணவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனால் அதற்கு என்னிடம் பதில் இல்லாததுதான் இன்னும் வலித்தது. மறுநாள் வார்டில் ஒரு பெரியவர், மருந்து கொடுக்கப் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "1973இல் நாங்க எஃப்ஏ கோப்பையை ஜெயிச்சப்போ இரண்டாம் டிவிஷன்லதாம்மா இருந்தோம்" என்றார். லீட்ஸை 1-0 என்று வென்ற அந்த மே மாதத்தை அவர் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். வீட்டில் புரிந்துகொள்ள ஆள் இல்லை என்றால் வெளியே தேடுங்கள். அதே மைதானத்தில் உங்களைவிட வயதான, உங்களைவிட அதிகம் இழந்த யாரோ ஒருவர் கண்டிப்பாக இருப்பார்.

அந்தக் கோடையில் கிளப் கைமாறியது. எல்லிஸ் ஷார்ட் கடன்களைத் தானே ஏற்றுக்கொண்டு விற்றார், ஸ்டூவர்ட் டொனால்ட் குழு வாங்கியது. ஸ்டேடியத்தின் சிவப்பு நாற்காலிகள் வெயிலிலும் மழையிலும் வெளுத்து இளஞ்சிவப்பாகிக் கிடந்தன, இறங்கிய கிளப் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்கிற மாதிரி. அதை மாற்ற ரசிகர்கள் கைகொடுக்கலாம் என்றார்கள். நானும் போனேன். துருப்பிடித்த போல்ட்டை ஸ்பேனர் வைத்துத் திருகி, பழைய நாற்காலியைக் கழற்றி அடுக்கி, புதுச் சிவப்பைப் பொருத்துவது. விரல் முட்டியெல்லாம் சிராய்ப்பு, மறுநாள் கையுறை போடும்போது எரிந்தது. பெயர் தெரியாத ஆட்களோடு ஒரு வரிசை முழுக்க முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, இரண்டு வருடமாகச் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்த எனக்கு முதல்முறையாக ஏதோ செய்துவிட்ட உணர்வு வந்தது. கிளப் இறங்கிய கோடையில் இப்படி ஒரு வேலை கிடைத்தால் விடாதீர்கள். என்னைத் தேற்றியது வேறெதுவும் இல்லை, அந்த ஸ்பேனர்தான்.

மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்றில் வாழ்க்கை வேறு. முதலில் கால அட்டவணை. மேல் இரண்டு டிவிஷன்களும் சர்வதேச ஆட்டங்களுக்காக ஓய்வெடுக்கும் வாரத்தில் லீக் ஒன் ஓய்வெடுப்பதில்லை. ஆனால் ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேர் நாட்டு அணிகளுக்குப் போனால் அந்த ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். அப்படித் தள்ளிப்போன ஆட்டம் எங்கே வந்து விழும்? ஏதாவது ஒரு செவ்வாய் இரவில். சனிக்கிழமைக்கு விடுப்பு எடுத்திருப்பீர்கள், ஆட்டம் இருக்காது, செவ்வாயன்று ஆட்டம், நீங்கள் டியூட்டியில் இருப்பீர்கள். என் வருட விடுப்பில் நல்ல பகுதி இப்படித்தான் வீணானது. அந்த வாரங்களை மட்டும் காலண்டரில் முன்பே குறித்து, அணியில் யார் யாருக்கு நாட்டு அழைப்பு வரும் என்று பார்த்துவிட்டு விடுப்புக் கேளுங்கள். இன்னொன்று, இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்த ஆட்டத்தையும் நேரலையாக டிவியில் காட்டக் கூடாது என்று ஒரு ஏற்பாடு உண்டு. மைதானத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் டியூட்டியில் இருக்கும் எனக்கு ஆட்டம் பார்க்க வழியில்லை, கடல் தாண்டி இருப்பவர் சந்தா கட்டிப் பார்க்கலாம். உள்ளூர் வானொலிதான் துணை. பிரேக் எப்போது எடுக்கலாம் என்பதை நான் அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன், சக நர்ஸ்கள் விட்டுக்கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக அவர்களுடைய ஞாயிறுகளை நான் செய்தேன்.

2018-19 அந்த டிவிஷனில் முதல் சீசன். தொடக்க ஆட்டம் சார்ல்டனுடன், 90 நிமிடம் தாண்டி லிண்டன் கூச் தலையால் முட்டி 2-1. கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்சிங் டே அன்று பிராட்ஃபோர்டு ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தோம், மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு! லீகில் தோற்றது 5 ஆட்டம்தான். ஆனால் 19 டிரா. 85 புள்ளி எடுத்தும் ஐந்தாம் இடம், நேரடியாக ஏறுவது முதல் இரண்டு அணிகள்தான், அடுத்த நான்கு அணிகள் மீதமுள்ள ஓர் இடத்துக்காக அரையிறுதி, இறுதி என்று மோதும் பிளே-ஆஃப். நம்பிக்கை உச்சத்தில் இருந்த அந்த வருடத்தில்தான் என் பர்ஸும் காலியானது.

மார்ச் 31 அன்று லண்டனின் வெம்ப்லி மைதானத்தில், கீழ் டிவிஷன் கிளப்களுக்கான கோப்பையான இஎஃப்எல் டிராஃபியின் இறுதி, போர்ட்ஸ்மத்துடன். அன்று அதிகாலைதான் கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், விடியற்காலையில் கிளம்பியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கமும் போச்சு. 85,021 பேர். 1-1, கூடுதல் நேரம், கடைசி நிமிடங்களில் ஏடன் மெகீடி சமன் செய்து 2-2, பிறகு பெனால்டியில் தோல்வி. அதோடு முடியவில்லை. வெம்ப்லி பார்க் ஸ்டேஷனில் அந்தக் கூட்டத்தைப் பகுதி பகுதியாகத்தான் உள்ளே விடுவார்கள். கிங்ஸ் கிராஸ் போய்ச் சேர்ந்தபோது நான் முன்பதிவு செய்த ரயில் போய்விட்டிருந்தது. மலிவான அட்வான்ஸ் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், திருப்பிக் கேட்கவும் முடியாது. புது டிக்கெட்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் போனது, தோற்ற மனசோடு கதவோரம் நின்றபடி ஊர் வந்தேன், காலை ஏழரைக்கு டியூட்டி. நாக்-அவுட் இறுதி ஆட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் கூடுதல் நேரம், பெனால்டி, வரிசை எல்லாம் சேர்த்து, ஆட்டம் தொடங்கிய நேரத்திலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் எந்த அட்வான்ஸ் டிக்கெட்டும் போடாதீர்கள். ஆஃப்-பீக் டிக்கெட் விலை கூடுதல், ஆனால் அடுத்த ரயிலில் ஏறலாம். ரசிகர் கோச் பஸ் இருந்தால் அது இன்னும் மேல், கடைசி ஆள் வரும்வரை நிற்கும்.

மே 26, மறுபடி வெம்ப்லி, பிளே-ஆஃப் இறுதி, மறுபடி சார்ல்டன். ஐந்தாவது நிமிடத்தில் அவர்களுடைய ஆட்டக்காரரே பின்னால் தட்டிய பந்து, அவர்கள் கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் உருண்டது. முதல்நாள் இரவு டிரஃபால்கர் சதுக்கம் முழுக்கச் சிவப்பு வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், அந்த நிமிடம் எல்லாம் முடிந்தது, ஏறிவிட்டோம் என்றே நினைத்தேன். சமன் ஆனது. 94ஆவது நிமிடம் அவர்களுடைய பேட்ரிக் பாவர் கோல் அடித்தார். ஆகஸ்டில் நாம் அவர்களுக்குச் செய்ததை மே மாதம் அவர்கள் நமக்குச் செய்தார்கள், அதே 2-1. டிவிஷன் இறங்கிய நாளில் இல்லாத ஒரு வெறுமை அன்று வந்தது. இறங்கும்போது மாதக்கணக்கில் மனசு பழகிவிடுகிறது. இங்கே ஒரு நிமிடம் முன்புவரை ஏறும் வாய்ப்பு கையில் இருந்தது. அதற்கப்புறம் பல வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, அணி பற்றி யார் பேசினாலும் அறையை விட்டு வெளியேறினேன். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஆகலாம். அந்த வாரம் இரண்டு நாளாவது விடுப்பில் இருங்கள். நான் நேராக டியூட்டிக்குப் போனேன், அப்படிப் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து வந்தது கொரோனா. 2019-20 சீசனை நடுவில் நிறுத்தி, ஆடிய ஆட்டங்களின் சராசரிப் புள்ளியை வைத்து முடித்தார்கள், எங்களுக்கு எட்டாம் இடம், கிளப் வரலாற்றிலேயே கீழான இடம். வார்டில் இருந்த நிலைமையில் அப்போது அது எனக்கு உறைக்கக்கூட இல்லை. அடுத்த வருடம் பிளே-ஆஃப் அரையிறுதியில் லிங்கனிடம் தோற்றோம். 2021 பிப்ரவரியில் கிரில் லூயி-ட்ரேஃபஸ் என்ற 23 வயதுப் பையன் கிளப்பைக் கையில் எடுத்தார், இளம் ஆட்டக்காரர்களை வாங்கி வளர்ப்பது என்று ஒரு வழி பிடித்தார்கள். இப்போது திரும்பிப் பார்த்தால் ஏற்றம் அங்கேதான் தொடங்கியது.

2022க்குள் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அணி எந்த இடத்தில் இருந்தாலும், சீசன் தொடங்கும்போதே மே மாதத்தின் பிற்பாதி வார இறுதிகளுக்கு விடுப்புக் கேட்டு வைத்துவிடுவது. பிளே-ஆஃப் இறுதிக்கு அணி போகவில்லை என்றால் அந்த ஷிஃப்ட்டை வாங்க ஆயிரம் பேர் வருவார்கள், போனால் கெஞ்ச வேண்டியதில்லை. ஷிஃப்ட் வேலை பார்க்கும் எல்லாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். அதற்குக் காசே ஆகாது. அந்த ஜனவரியில் போல்ட்டனிடம் 6-0 என்று தோற்று மேனேஜர் வேலை போனது, அலெக்ஸ் நீல் வந்தார், ஐந்தாம் இடத்தில் முடித்தோம். ஷெஃபீல்ட் வென்ஸ்டேயுடன் அரையிறுதி, இரண்டாம் ஆட்டத்தில் கடைசி நிமிடம் பேட்ரிக் ராபர்ட்ஸ். மே 21 வெம்ப்லியில் வைகம்பை 2-0, எலியட் எம்பிள்டன், ராஸ் ஸ்டீவர்ட். நான்கு வருடம் கழித்து லீக் ஒன் முடிந்தது. அன்று திரும்பும் ரயில் எதற்கும் முன்பதிவு போடவில்லை.

இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் முதல் வருடமே பிளே-ஆஃப், லூட்டனிடம் தோல்வி, அடுத்த வருடம் 16ஆம் இடம். பிறகு ரெஜி லெ ப்ரீ மேனேஜராக வந்த 2024-25. நான்காம் இடம் என்றாலும் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களும் தோல்வி, வார்டில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. கவென்ட்ரியுடன் அரையிறுதி இரண்டாம் ஆட்டம், 122ஆவது நிமிடம், பெனால்டிக்குச் சில நொடிகள்தான் பாக்கி, என்சோ லெ ஃபே கார்னர் போட்டார், டான் பாலார்ட் முட்டினார், பந்து மேல் கம்பியின் அடியில் பட்டு உள்ளே போனது. 2018இல் நான் போல்ட் முடுக்கிய வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால்தான் நின்றேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

மே 24 இறுதி, ஷெஃபீல்ட் யுனைடெட். அவர்கள் 90 புள்ளி, நாங்கள் 76. லூக் ஓ'நியன் 2018இலிருந்து லீக் ஒன் முழுக்க எங்களோடு இருந்தவர், தொடக்கத்திலேயே தோள் விலகி வெளியேறினார். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், இரண்டாவதும் போட்டார்கள், அதை வீடியோ நடுவர் முறையான விஏஆர் ஆஃப்சைடு என்று ரத்து செய்தது. 76ஆவது நிமிடம் எலியேசர் மயேண்டா சமன். 90 நிமிடம் தாண்டி டாம்மி வாட்சன், அந்தக் கோடையில் பிரைட்டனுக்குப் போவது ஏற்கனவே முடிவாகியிருந்த உள்ளூர்ப் பையன், பெட்டிக்கு வெளியேயிருந்து மூலைக்கு அடித்தார். 94ஆவது நிமிடத்தில் ஒருமுறை உடைந்தவள் என்பதால் விசில் ஊதும்வரை நான் எழுந்து நிற்கவில்லை, கால் நடுக்கம். ஊதியதும் கணவருக்குப் போன் பண்ணினேன், பேச்சே வரவில்லை. "ஜெயிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார், பிறகு அவருக்கும் குரல் உடைந்தது.

டிக்கெட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இறுதி ஆட்டம் வந்தால் சமூக ஊடகத்தில் "ஒரு டிக்கெட் இருக்கு, பணம் அனுப்புங்க" என்று கிளம்புவார்கள். இங்கிலாந்தில் கிளப் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், போலி என்றால் கேட்க நாதியில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி அனுப்பிய பணம் திரும்பவே இல்லை. டிக்கெட்டில் யாருக்கு முன்னுரிமை என்பது பெரும்பாலும் சீசன் டிக்கெட்டையும் முன்பு வாங்கிய டிக்கெட்டுகளையும் வைத்துத்தான், அதனால் செவ்வாய் இரவு மழையில் போன வெளியூர் ஆட்டங்களெல்லாம் கணக்கில் சேரும்படி உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், நண்பர் கணக்கில் வாங்காதீர்கள். கீழே இருக்கும் வருடங்களில் காசு நெருக்கினால் வெளியூர்ப் பயணங்களை விடுங்கள், ஜெர்சியை விடுங்கள், சீசன் டிக்கெட்டை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். 2025 ஆகஸ்டில் வெஸ்ட் ஹாமை 3-0 என்று அடித்துப் பிரீமியர் லீகைத் தொடங்கிய அன்று, நடுவில் டிக்கெட்டை விட்டுவிட்ட இரண்டு பேர் என் வார்டிலேயே டியூட்டியில் இருந்தார்கள், பிரேக் அறையில் வானொலி போட்டுக்கொண்டு.